இரண்டு படிவத்திலும் ஒரே சொல்

அத்தியாயம் 9

நாலு பேர் சேர்ந்து ஒரே முடிவை எடுத்தார்கள் என்றால் அதற்குள் நாலு முடிவு ஒளிந்திருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை இது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. வியாழக்கிழமை மத்தியானம் ஒன்றே கால் மணிக்குக் கடைக்குட்டிக்கு மட்டும் தெரிந்தது.

ஞாயிறன்று நடந்தது இதுதான். முன்னறையில் உட்கார வேறு இடம் இல்லாததால் நாலு பேரும் ஆளுக்கொரு சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, பொழுதுபோக்காகத் தொடங்கிய பழுதுபார்க்கும் வேலையை முறையான தொழிலாகப் பதிவு செய்வது என்று பேசி முடித்தார்கள். அண்ணன் முறிந்த கம்பியை ஒட்டவைப்பான், கோணிய சக்கரத்தை நேராக்குவான், பிரேக் போடுவான். அம்மா கிழிந்த சீட்டையும் முதுகுத் துணியையும் அளவெடுத்துத் தைப்பாள். அண்ணி பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர். உடைந்த நாற்காலி எந்த மாடியில் எந்த மூலையில் கிடக்கிறது என்பது அங்கிருக்கும் டாக்டர்களைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். அவள் பேசிப் பேசியே ஆஸ்பத்திரி மேனேஜரை வழிக்குக் கொண்டுவந்திருந்தாள். ஐம்பது நாற்காலிகளையும் வருஷம் முழுக்க நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் பதிவு பெற்ற தொழிலாக இருக்க வேண்டும், பதிவு எண் வியாழக்கிழமை நாலு மணிக்குள் என் மேஜைக்கு வர வேண்டும் என்று சொல்லியிருந்தார் அவர்.

கடைக்குட்டி பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். மாலையில் வணிகச் சட்ட வகுப்பு. எதையும் நோட்டில் எழுதினால்தான் அது நடந்ததாக நம்புவாள். எழுதிய பிறகும் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைப்பாள். அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் ‘குறிப்பு’. பெற்றவளே அந்தப் பெயரில்தான் கூப்பிட்டாள் என்றால் மற்றவர்களைச் சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிறன்று குறிப்பு எழுதியது ஒரே வரி: முடிவு, நாலு பேரும் பங்குதாரர். கீழே இரண்டு கோடு. ஓரத்தில் கேள்விக்குறி போடவில்லை. அத்தனை தெளிவாக இருந்தது அது.

எல்லோரும் தலையாட்டினார்கள். நாலு தலையும் ஒரே பக்கமாகத்தான் ஆடின.

*

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில், கடையின் பின்னறையில் அவள் போனைத் திறந்தாள். காலையில் அண்ணன் படிவத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். நாலு கையெழுத்தும் இருந்தன. அவளுடையது நேற்று ராத்திரி, வகுப்பு முடிந்து வந்த தூக்கக் கலக்கத்தில், தலைப்பைப் பார்க்காமல் போட்டது. கூடவே ஒரு செய்தி: “கொடுக்கப் போறேன். இதையும் எழுதி வெச்சுக்கோ.”

அவன் கிண்டல் செய்தாலும் அவள் எழுதத்தான் செய்தாள். கட்டம் கட்டமாக நோட்டில் இறக்கினாள். தொழிலின் பெயர். முகவரி. பங்குதாரர்களின் பெயர்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நாலாவது அம்மா. அம்மாவின் கையெழுத்து எப்போதும் போல மேல்நோக்கி ஏறிக் கட்டத்தைத் தாண்டியிருந்தது. எல்லாம் முடிந்து, தலைப்பை எழுத மேலே போனபோதுதான் பார்த்தாள்.

‘கூட்டு வணிகப் பதிவு விண்ணப்பம்.’

படத்தைப் பெரிதாக்கினாள். சிறிதாக்கினாள். நாம்தான் தப்பாகப் படிக்கிறோமோ என்று மறுபடி பெரிதாக்கினாள். கண்ணாடிக் கடையில் இருந்துகொண்டு தன் கண்ணையே சந்தேகப்படுவது அவளுக்கே வெட்கமாக இருந்தது. கம்பெனிப் பதிவு என்றல்லவா இருக்க வேண்டும்?

வகுப்பு நோட்டைப் புரட்டினாள். மூன்றாம் வாரம். நடுவில் கோடு போட்டு இரண்டு பத்தி. இடது பக்கம்: கூட்டு வணிகம். தொழிலில் யாருக்காவது பாதிப்பு வந்து வழக்குப் போட்டால், பங்குதாரரின் சொந்தச் சொத்தும் பதில் சொல்ல வேண்டும். வலது பக்கம்: கம்பெனி. கம்பெனியின் சொத்து மட்டும் பதில் சொல்லும், பங்குதாரரின் வீட்டுக் கதவை யாரும் தட்ட முடியாது, பொறுப்பு வரையறுக்கப்பட்டது.

இடது பக்கமும் பங்குதாரர். வலது பக்கமும் பங்குதாரர். அவள் கையெழுத்தில், அச்சுக் கோத்த மாதிரி, ஒன்றுக்கொன்று நேராக.

ஞாயிறன்று அவள் வலது பக்கத்துப் பங்குதாரரைச் சொன்னாள். அண்ணன் இடது பக்கத்துப் பங்குதாரரைக் கேட்டிருக்கிறான்.

‘சொந்தச் சொத்து’ என்ற சொல்லின் மேல் விரலை வைத்தாள். அவளிடம் என்ன சொத்து இருக்கிறது? ஒரு மூக்குக்கண்ணாடி. அதுவும் கடைக்காரர் பாதி விலைக்குக் கொடுத்தது. அண்ணனிடம் வெல்டிங் மெஷின். அண்ணியிடம் நாலு ஜோடி வெள்ளைச் செருப்பு. அந்த வீட்டில் சொத்து என்று ஒன்று இருந்தது அம்மாவிடம்தான். அந்த வீடுதான் அந்தச் சொத்து.

போன மாதம் ஆறாம் நம்பர் நாற்காலியை வாசல் சரிவில் நிறுத்தியபோது பிரேக் வழுக்கி, அது தானே உருண்டு போய்க் கேட்டில் முட்டியது. “யாரும் உட்காரலைன்னு கோவிச்சுக்கிட்டுக் கிளம்பிடுச்சு” என்று அம்மா சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நாற்காலி காலியாக இருந்ததால் சிரித்தார்கள்.

குறிப்பு சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே பைக்குள் போட்டுக்கொண்டு, முதலாளியிடம் லீவு சொல்ல ஓடினாள்.

*

பதிவு அலுவலகத்தில் ஒரே ஒரு கவுன்டர்தான் திறந்திருந்தது. மற்ற மூன்றிலும் ‘இங்கே கேட்காதீர்கள்’ என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். எங்கே கேட்க வேண்டும் என்று எழுதியிருக்கவில்லை.

அண்ணன் மூன்றாவது பெஞ்சில், காலை நீட்டி, கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவன் போல உட்கார்ந்திருந்தான்.

“டோக்கன் எத்தனை?” என்றாள் மூச்சு வாங்க.

“அறுபத்துமூணு. இப்போ நாப்பத்தொன்பது. நீ எதுக்கு வந்த? கடையில துரத்திட்டாங்களா?”

“அண்ணா, இது தப்பான படிவம்.”

“என்ன தப்பு? ஒரு அடித்தல் இல்ல, திருத்தல் இல்ல.”

“நான் சொன்னது கம்பெனி. நீ கொண்டு வந்திருக்கிறது கூட்டு வணிகம்.”

அவன் படிவத்தை அவள் மூக்குக்கு நேரே பிடித்தான். “நீ என்ன எழுதின? நாலு பேரும் பங்குதாரர். இதுல என்ன போட்டிருக்கு? பங்குதாரர்களின் பெயர். கண்ணாடிக் கடையில வேலை பாக்குற, எழுத்து தெரியலையா?”

“ரெண்டு படிவத்துலயும் அதே சொல்தான் இருக்கும். சொல்லு ஒண்ணு, விஷயம் வேற.”

“அதை ஞாயித்துக்கிழமையே சொல்லியிருக்கணும்.”

ஆயிரம் சந்தேகம் கேட்கிறவள், கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்காமல் இரண்டு கோடு போட்டு மூடிவிட்டாள். வகுப்பில் சேர்ந்தது வீண். நோட்டு வீண். அவள் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. அழுகை வருவதற்குள் பேசிவிட வேண்டும் என்று நினைத்தாள்.

“ஆறாம் நம்பர் நாற்காலி ஞாபகம் இருக்கா? அதுல ஒரு பாட்டியம்மா உட்கார்ந்திருந்து, கீழ விழுந்து இடுப்பு ஒடிஞ்சுதுன்னு வை. அவங்க பிள்ளைங்க வழக்குப் போடுவாங்க. கூட்டு வணிகம்னா நம்ம நாலு பேர் சொத்தையும் கேக்கலாம். நம்ம மூணு பேர்கிட்ட எடுக்க என்ன இருக்கு? அம்மா வீடு போயிடும்.”

“என் பிரேக் வழுக்காது.”

“ஆறாம் நம்பர்ல வழுக்குச்சே?”

“அது பழைய பிரேக். இப்போ மாத்திட்டேன்.” அவன் குரல் ஏறியது. முன் பெஞ்சுக்காரர் திரும்பிப் பார்த்தார். அண்ணன் குரலை இறக்கினான். ஆனால் கோபம் இறங்கவில்லை. “ரெண்டு படிவமும் அங்க மேஜையிலதான் இருந்துச்சு. நான் என்ன, குருட்டாம்போக்குலயா எடுத்தேன்? இன்னொண்ணையும் படிச்சேன். பொறுப்பு வரையறுக்கப்பட்டதுன்னு முதல் வரியிலயே போட்டிருந்தான். தூக்கி அந்தப் பக்கம் வெச்சேன்.”

“அது நல்லதுக்குத்தான் அண்ணா...”

“எது நல்லது? பொறுப்புக்கு எல்லை போட்டுக்கிட்டு, இவ்வளவுதான் என் பொறுப்புன்னு சொல்லிட்டு ஒருத்தர் நம்ம வீட்டை விட்டுப் போனது போதாதா? நான் செஞ்ச நாற்காலியில ஒருத்தர் விழுந்தா, கம்பெனியைப் போய்க் கேளுங்கன்னு கையை விரிக்கச் சொல்றியா? நான்தான் பொறுப்பு. முழுசா.”

அப்பா வீட்டை விட்டுப் போய்ப் பதினோரு வருஷம். அன்றைக்கு அண்ணனுக்குப் பத்தொன்பது வயது. அந்த வாரமே வெல்டிங் கற்றுக்கொள்ளப் போனான். அதற்குப் பிறகு அப்பாவின் பெயரை அவன் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. ‘ஒருத்தர்’தான்.

“உன் பொறுப்பை யாரும் குறைக்கலை,” என்றாள் அவள். “நீ முழுசா எடுத்துக்கோ. அம்மா தலையில ஏன் வைக்கிற?”

அவன் கையிலிருந்த படிவத்தில் நாலாவது கையெழுத்தைப் பார்த்தான்.

போன் அடித்தது. அண்ணி.

“என்னாச்சு, நம்பர் கிடைச்சுதா?” வார்டு சத்தத்துக்கு மேலே அவள் குரல். “மேனேஜர் ரெண்டு தரம் கேட்டுட்டார். நாலு அடிச்சா பையைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவார். அப்புறம் அந்த வேலை அவர் மச்சானுக்குத்தான், சொல்லிட்டேன்.”

“அண்ணி, ஒரு சின்ன சிக்கல்...”

“சிக்கலை நோட்டுல எழுது. நம்பரை எனக்கு அனுப்பு.” வைத்துவிட்டாள்.

*

இரண்டு ஐம்பதுக்கு அறுபத்துமூன்றைக் கூப்பிட்டார்கள்.

கவுன்டரில் இருந்த அம்மாள் ஒரு கண்ணாடியைத் தலையிலும் இன்னொன்றை மூக்கிலும் போட்டிருந்தார். மூக்கில் இருந்தது ஒரு பக்கமாகச் சரிந்து சரிந்து விழுந்தது. படிவத்தைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தார்.

“மேடம், இதைக் கம்பெனிப் படிவமா மாத்திக் கொடுத்தா இன்னைக்கே நம்பர் கிடைக்குமா?” என்றாள் குறிப்பு.

“கம்பெனின்னா அதோட பேருக்கு அனுமதி வாங்கவே மூணு நாள்.”

“கூட்டு வணிகம்னா?”

“மூணரை வரைக்கும் வாங்குவேன். அப்பவே நம்பர்.”

“ஒருத்தர் பேரை மட்டும் எடுத்துடலாமா?”

“கையெழுத்துப் போட்டாச்சே. அடுத்த டோக்கன்!”

கையெழுத்துப் போட்டாச்சே. அந்த ஒரு சொல்லில் கதவைச் சாத்திவிட்டார். அண்ணன் கவுன்டர் பலகையில் கையை ஊன்றினான். வெல்டிங்கில் பொசுங்கிய கை. அவன் கத்தப் போகிறான் என்று குறிப்புக்குத் தெரிந்தது. கத்தினால் காரியம் கெடும் என்றும் தெரிந்தது.

அந்தச் சமயத்தில் அம்மாளின் கண்ணாடி மறுபடி சரிந்தது.

“காதுப்பக்கம் ஸ்க்ரூ லூசா இருக்கு மேடம். கொடுங்க.” பையில் எப்போதும் இருக்கும் குட்டி ஸ்க்ரூடிரைவரை எடுத்திருந்தாள். கொடுக்கலாமா வேண்டாமா என்று அந்த அம்மாள் யோசிப்பதற்குள் இரண்டு திருகு. மூக்குப்பிடியில் ஒரு அழுத்து. “ரெண்டு கண்ணாடி மாத்தி மாத்திப் போடாதீங்க. ஒண்ணுலயே கிட்டத்துக்கும் தூரத்துக்கும் பண்ணிக்கலாம்.”

அம்மாள் போட்டுப் பார்த்தார். தலையை ஆட்டிப் பார்த்தார். கண்ணாடி அசையவில்லை. அவர்தான் அசைந்தார்.

“யார் பேரை எடுக்கணும்?”

“எங்கம்மா. அவங்க வீட்டு முன்னறையிலதான் தொழில். அவங்க பங்குதாரரா இருந்தா வீடு மாட்டிக்கும்.”

“அப்படிச் சொல்லு. அவங்க பங்குதாரரா இருக்க வேண்டியதில்லையே. இடம் கொடுத்தவங்களா இருந்தா போதும். அவங்க பேரை அடிச்சு, பக்கத்துல அவங்களே ஒரு கையெழுத்துப் போடணும். இந்தத் தாள்ல இடத்துக்குச் சம்மதம். ரெண்டும் என் முன்னால. நேர்ல வரணும்.”

குறிப்பு கடிகாரத்தைப் பார்த்தாள். அண்ணன் ஏற்கெனவே அம்மாவுக்குப் போன் போட்டிருந்தான். “அம்மா, கைவேலையை அப்படியே போட்டுட்டு வண்டி பிடிச்சு வா. எதுக்குன்னு கேக்காத, வா.”

*

எதுக்குன்னு கேட்காமல் வருகிற அம்மா எந்த ஊரிலும் கிடையாது. மூன்று பத்துக்கு, கழுத்தில் அளவு நாடா தொங்க, புடவையில் நூல் ஒட்டியிருக்க, வந்து நின்றதுமே கேட்டாள்.

குறிப்பு சொன்னாள். வரிசையாக, ஒன்று இரண்டு என்று விரல் மடக்கி. ஆறாம் நம்பர் நாற்காலி, பாட்டியம்மா, வழக்கு, வீடு. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரி, என்ன பண்ணணும்?” என்றாள்.

“உன் பேரை அடிச்சுட்டு, பக்கத்துல ஒரு கையெழுத்து.”

“என் பேரையா?”

அம்மா படிவத்தை வாங்கிப் பார்த்தாள். நாலாவது வரியில் விரலை வைத்தாள்.

“சீட்டு தைக்கிறது யாரு?”

“நீதாம்மா.”

“பதினோரு நாற்காலிக்கும் முதுகுத் துணி தெச்சது யாரு? போன வாரம் அந்தக் குண்டு மனுஷனுக்கு ரெட்டைத் தையல் போடணும்னு சொன்னது யாரு? உங்கண்ணனா?”

“அம்மா, இது வேலை பாக்குறதைப் பத்தி இல்ல...”

“இடம் கொடுத்தவங்கன்னா என்னை என்னன்னு எழுதுவாங்க?”

கவுன்டர் அம்மாள் குறுக்கே புகுந்து, உதவியாக நினைத்துக்கொண்டு, “வீட்டுக்காரின்னு வெச்சுக்கோங்களேன்,” என்றார்.

அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கக் குறிப்புக்குப் பிடிக்கவில்லை.

“முப்பத்திரண்டு வருஷமா வீட்டுக்காரி. எந்தத் தாளைக் கொடுத்தாலும் தொழில்ங்கிற இடத்துல ஒரு கோடு போட்டுக் கொடுத்தவ. ஞாயித்துக்கிழமைதான் பங்குதாரர்னு எழுதினீங்க. நாலு நாள்தான் ஆச்சு. மறுபடியும் வீட்டுக்காரியாக்கிட்டீங்களா?”

அண்ணன் தரையைப் பார்த்தான். மூன்று பதினைந்து.

எல்லாவற்றுக்கும் வரிசை எண் போடும் குறிப்புக்கு இதற்கு எண் கிடைக்கவில்லை. நோட்டில் சொந்தச் சொத்து என்று எழுதியபோது வீட்டை மட்டும்தான் நினைத்தாள். அம்மாவுக்குப் ‘பங்குதாரர்’ என்ற சொல்லிலும் ஒரு சொந்தம் இருக்கும் என்று எந்தப் பத்தியிலும் எழுதவில்லை.

“அம்மா, கம்பெனிப் படிவத்தை நாளைக்கே போடுறேன்,” என்றாள். “அதுல முதல் பேர் உன்னுது. நாலாவது இல்ல, முதல். அதுல வீட்டுக்கும் பயம் இல்ல. நான் எழுதித் தரேன்.”

“ஓரத்துல கேள்விக்குறி போடாம எழுது,” என்றாள் அம்மா.

பேனாவை வாங்கினாள். தன் பெயரின் மேல், துணி வெட்டுவதற்குச் சாக்கட்டியால் போடுவது போல, நேராக ஒரு கோடு இழுத்தாள். பக்கத்தில் மேல்நோக்கி ஏறும் கையெழுத்து. அண்ணன் மூச்சை விட்டான்.

“இதுல வீட்டோட சொந்தக்காரர் பேர்,” என்று கவுன்டர் அம்மாள் சம்மதத் தாளை நகர்த்தினார். “பத்திரத்துல இருக்கிற மாதிரியே.”

அம்மா எழுதினாள். ஒரு பெயர். நிறுத்தவில்லை. அதற்குக் கீழே இன்னொரு பெயரையும் எழுதினாள். தினமும் எழுதிப் பழகிய பெயர் போல வந்து விழுந்தது அது. அதுதான் குறிப்புக்குப் பயமாக இருந்தது.

அண்ணன் எட்டிப் பார்த்தான். பதினோரு வருஷமாக ‘ஒருத்தர்’ என்று மட்டுமே சொல்லிவந்த பெயர் அங்கே முழுசாக, முதலெழுத்தோடு இருந்தது.

“வீடு உன் பேர்ல இல்லையா?”

“ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. நீங்க யாரும் கேக்கலையே.”

“அப்போ ரெண்டு கையெழுத்தும் வேணும்,” என்றார் கவுன்டர் அம்மாள். சரியாக நின்ற கண்ணாடி வழியாக மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அவர் வந்திருக்காரா?”

குறிப்பின் பைக்குள் போன் அடித்தது. அண்ணியாகத்தான் இருக்கும். அவள் எடுக்கவில்லை.

“வரலை,” என்றாள் அம்மா. கழுத்து நாடாவை எடுத்து, விரலில் சுற்றி, சின்ன உருளையாக்கினாள். “ஆனா, எங்க இருக்கார்னு எனக்குத் தெரியும்.”

அண்ணன் அவளை நோக்கி மெல்லத் திரும்பினான்.

“எவ்வளவு நாளா?”

மூன்று இருபத்திரண்டு. கவுன்டர் அம்மாள் தாளை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு மணியை அழுத்தினார்.

“அறுபத்தெட்டு.”